விளக்குத் தூணும் மேட்டுக் கல்லறைகளும்: ஊராருக்கும் சாலைப் பிரிவுக்கும் ஒரு திறந்த மடல்

ஊர்க்கவுண்டர் அவர்களுக்கும், ஊராட்சி மன்றத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கும், மேட்டுத் தரையில் தங்கள் முன்னோரை அடக்கம் செய்திருக்கும் குடும்பங்களுக்கும், மலைப்பாதையை அகலப்படுத்தும் பிரிவின் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சேர்வராயன் மலையில் உங்கள் ஊர்ச் சாலை வளைவில், சாலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும் பழைய விளக்குத் தூணை என்ன செய்வது என்று மூன்று பேச்சு நடக்கிறது. தூணை அப்படியே தூக்கி மேட்டுத் தரைக்கு நகர்த்திவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. மேட்டில் கல்லறைகள் இருக்கின்றன, அங்கே கடப்பாரை விழக்கூடாது, தூணையும் தொடக்கூடாது என்கிறது இன்னொரு தரப்பு. இடித்துவிட்டு அதே மாதிரி புதிதாகக் கட்டித் தருகிறோம் என்பது மூன்றாவது. சேலத்திலும் மலையிலும் கல்வேலை, சுண்ணாம்பு வேலை, ஜாக்கி வேலை, நில அளவை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ஐப்பசி மழைக்கு முன் தூணை யாரும் நகர்த்த முடியாது, நகர்த்தவும் வேண்டாம். மேலே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். அதற்குப் பிறகும் நகர்த்தியே தீர வேண்டும் என்றால் கல் கல்லாகப் பிரித்துக் கீழே பழைய காப்பிக் களத்துக்குக் கொண்டுபோங்கள். மேட்டுத் தரை மட்டும் ஆகாது. கல்லறைகளுக்கான மரியாதை ஒரு காரணம். அந்த மண் தூணைத் தாங்காது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரும் இதுவரை பேசாததால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தூணின் கணக்கு இது. உயரம் 9 மீட்டர். அடியில் வெளிவிட்டம் 3 மீட்டர், உச்சியில் 2.2 மீட்டர். சுவர் கனம் 60 சென்டிமீட்டர், உள்ளே படி ஏறும் வெற்றிடம். சராசரி எடுத்துப் பெருக்கினால் சுமார் 34 கன மீட்டர் கட்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கருங்கல்லுக்குக் கன மீட்டருக்கு 2.4 டன் என்று வைத்தால் 81 டன். விளக்கறை, படிக்கல், மேல்மூடி சேர்த்து 85 டன். அடித்தளத்தை இதில் சேர்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ "இருபது டன் இருக்கும், ஒரு கிரேன் போதும்" என்றாராம். அந்தக் கிரேனை யாரும் வாடகைக்கு எடுத்துவிட வேண்டாம்.

கல் இந்த மலைக் கல்தான். கல்குவாரிக்காரர்களுக்கு அது கருங்கல். நிலவியல்காரர்கள் சார்னோகைட் என்பார்கள். சேர்வராயன் மலையின் உடம்பே பெரும்பாலும் அந்தப் பாறைதான். அந்தப் பெயர் வந்த கதை இந்த வழக்குக்குப் பொருத்தமாக இருப்பதால் சொல்கிறோம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். ஆக, உங்கள் தூணின் கல்லுக்குப் பெயர் தந்ததே ஒரு கல்லறைதான். இரண்டையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை போடுவது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

இனி சாய்வுக்கு வருவோம். உச்சியிலிருந்து தூக்குக் குண்டு விட்டால் சாலைப் பக்கம் 62 மில்லிமீட்டர் விலகல் காட்டுகிறது. பயப்படும் அளவு இல்லை. எடை மையம் தரையிலிருந்து 4.2 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அது நகர்ந்திருப்பது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்த வடிவ அடிக்கு நடுவிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் விலகும் வரை எந்தப் பக்கமும் அடி தூக்காது. ஆகவே இன்றைய சாய்வால் தூண் விழாது. சாய்வு நின்றுவிட்டதா, இன்னும் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு யாரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் யாரும் இரண்டாம் முறை அளக்கவில்லை.

அளப்பது எளிது. தூணில் இருக்கும் விரிசலுக்குக் குறுக்கே 2 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடித் துண்டை, 15 சென்டிமீட்டர் நீளம் 3 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, இரு முனையிலும் ஒட்ட வேண்டும். வெளிப்புறம் நான்கு, உள்ளே நான்கு. ஒட்டிய தேதியைக் கண்ணாடியிலேயே எழுதுங்கள். அசைந்தால் கண்ணாடி உடையும். எம்சீல் போட்டு ஒட்டலாம், ஆனால் பாசியைச் சுரண்டி, கல்லைத் துடைத்துக் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரக் கல்லில் ஒட்டினால் ஒட்டு கழன்றுவிடும், கண்ணாடி முழுசாக இருக்கும், "அசையவே இல்லை" என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு நாள், காலை ஏழு மணிக்கு முன் பாருங்கள். வெயில் ஏறினால் கிழக்கு முகம் சூடாகி அளவு கொஞ்சம் மாறும். தூக்குக் குண்டை ஒரு வாளி தண்ணீருக்குள் தொங்க விட்டால் காற்றுக்கு ஆடாது. இதை ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் செய்தால்தான் மழைக்குத் தூண் என்ன செய்கிறது என்பது தெரியும்.

சாய்ந்ததற்குக் காரணம் இரண்டு. வளைவை அகலப்படுத்தச் சரிவின் காலை, அதாவது அதன் அடிப்பகுதியை, வெட்டினார்கள். காலை வெட்டிய சரிவு முன்னால் நகரும். அத்துடன் மேலே காப்பிக் காட்டிலிருந்து வரும் மழைநீர், முன்பு ஓடைக்குப் போனது, இப்போது பாதி தூணின் பின்பக்கம் வந்து நிற்கிறது. ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை. சிவந்த களிமண் அதைக் குடித்துவிட்டு எடை கூடி, வழுக்கிக்கொண்டு இறங்கும். தூண் சாய்வது தூணின் நோய் அல்ல.

ஆகவே முதல் வேலை வாய்க்கால். தூணுக்கு மேலே 8 மீட்டர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே 40 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம். 100-க்கு 1 சாய்வு போதும். கூடினால் தண்ணீர் அடியை அரிக்கும், குறைந்தால் இலை தேங்கும். வெறும் மண் வாய்க்காலாக விட்டால் தண்ணீர் அங்கேயே இறங்கிச் சரிவை இன்னும் கெடுக்கும். கல் பாவிச் சாந்து பூச வேண்டும். சில்வர் ஓக் இலை விழும் இடம் இது, வாரம் ஒருமுறை வாரிவிட ஆள் வேண்டும். முக்கியமான ஒன்று: வாய்க்காலின் கடைசி முனை எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். கையில் இருக்கும் வரைபடத்தில் அது மேட்டுத் தரையின் வடகிழக்கு ஓரத்தில் முடிகிறது. கல்லறைகள் இருக்கும் ஓரம் அது. தண்ணீரை அங்கே விட்டால் இரண்டு மழையில் குழிகள் உள்வாங்கும். இன்னும் 12 மீட்டர் நீட்டி இயற்கை ஓடையில் விடுங்கள். அந்த 12 மீட்டர் செலவை மிச்சம் பிடிப்பதில் பொருள் இல்லை.

சரிவின் காலுக்குக் கம்பிக்கூடைச் சுவர் போதும். 2 மீட்டருக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் கூடை, மூன்று அடுக்கு, கீழ் அடுக்கு அகலமாக, ஒவ்வொரு அடுக்கும் அரை மீட்டர் பின்வாங்கி. கான்கிரீட் சுவர் வேண்டாம். அதில் தண்ணீர் வெளியேறும் துளையை விட்டுக் கட்டினாலும் பின்னால் வடிகட்டும் சல்லி போடாமல் மண்ணை அப்படியே தள்ளி மூடிவிடுவார்கள், இரண்டு ஆண்டில் துளை அடைத்துச் சுவர் வயிறு தள்ளும். கம்பிக்கூடைக்குப் பின்னால் ஜியோ துணி விரித்தால் மண் வராது, தண்ணீர் வரும்.

தூக்கி நகர்த்தலாம் என்பவர்கள் கடலோரக் கலங்கரை விளக்கங்களைச் சொல்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. அமெரிக்காவில் கேப் ஹட்டெராஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் கட்டியது, செங்கல் கோபுரம். கட்டும்போது கடல் 1500 அடி தள்ளி இருந்தது. கரை அரித்து அருகில் வந்துவிட்டதால் 1999-இல் 4830 டன் கோபுரத்தை அப்படியே 2900 அடி உள்ளே நகர்த்தினார்கள். 23 நாள் ஆனது. அங்கேயும் ஊரில் பெரிய எதிர்ப்பு இருந்தது, நகர்த்தினால் நொறுங்கிவிடும் என்று. நொறுங்கவில்லை. அதே 1999-இல் இங்கிலாந்தின் பெல் டூட் கலங்கரை விளக்கத்தைச் செங்குத்தான கடற்கரைப் பாறை விளிம்பிலிருந்து 17 மீட்டர் பின்னுக்கு இழுத்தார்கள். வெறும் 17 மீட்டர்.

ஆனால் ஹட்டெராஸ் சமதரை மணல். ஜல்லி கொட்டி அமுக்கி, மேலே இரும்புத் தளம் போட்டு, அதன்மேல் தண்டவாளம் போட இடம் இருந்தது. உங்கள் வளைவிலிருந்து மேட்டுத் தரைக்கு 70 மீட்டர் தூரத்தில் 11 மீட்டர் ஏற்றம். தூணைச் சரியாமல் கொண்டுபோக வேண்டுமானால் பாதை மட்டமாக இருக்க வேண்டும். மட்டமான பாதை என்றால் கீழ்முனையில் 11 மீட்டர் உயரக் கட்டை அடுக்கு. தூணின் உயரமே 9 மீட்டர்தான். தூணைவிட உயரமான அடுக்கின்மேல் தூணை நிறுத்தி, காற்றில் 70 மீட்டர் தள்ளுவது யாருக்குத் துணிச்சல் என்று தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல் சுவருக்குள்ளே. வீடு தூக்கும் ஜாக்கி வேலை தமிழ்நாட்டில் இப்போது சகஜமாகிவிட்டது. செங்கல் வீட்டின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டு, இரும்பு உத்திரம் நுழைத்து, ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கிவிடுகிறார்கள். அது நேர் சுவர், ஒரே பொருள். இது வட்டச் சுவர். வெளியே செதுக்கிய கல், உள்ளே செதுக்கிய கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பிய வயிறு. ஓட்டை போட்டால் நடு நிரப்பு அரிசி மூட்டையில் கீறல் விழுந்த மாதிரி கொட்டும். அதைத் தடுக்க முதலில் வெளியே ஓர் இரும்புப் பட்டை, உள்ளே ஒன்று, நடுவில் மெல்லிய சுண்ணாம்புக் குழம்பை ஊசி மாதிரி ஏற்றுதல், அதற்கு ஒரு மாதம் காத்திருப்பு, அடியைச் சுற்றி ஒரு கான்கிரீட் வளையம், இவ்வளவும் வேண்டும். உத்திரம் கொண்டுவருவதே ஒரு பாடு. 12 மீட்டர் இரும்பு உத்திரம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறாது. 6 மீட்டராக வெட்டித்தான் ஏற்ற வேண்டும், மேலே வெல்டிங் வைத்து இணைக்க வேண்டும். அந்த இணைப்புதான் எடை தாங்கும்போது முதலில் விடும்.

சென்னையிலும் ஒரு பாடம் இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் பழைய கல்தூண் கலங்கரை விளக்கம் 1844-இல் எரியத் தொடங்கியது. 1894-இல் விளக்கை நீதிமன்றக் கட்டடத்தின் கூம்புக்கு ஏற்றினார்கள், 1977-இல் மெரினாவுக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு இரண்டு முறை இடம் மாறியது. தூண் நட்ட இடத்திலேயே நிற்கிறது. சாலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதுதான் தேவை என்றால் வளைவில் ஒரு சூரிய விளக்குக் கம்பம் போதும், அதற்காகத் தூணை இழுக்க வேண்டியதில்லை.

அந்த வளாகத்திலேயே ஜோசப் ஹின்மர்ஸ், டேவிட் யேல் இருவரின் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறையும் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பகுதி முழுவதும் ஆங்கிலேயரின் இடுகாடு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு புனித ஜார்ஜ் கோட்டையைச் சுட்டது. முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். இன்றும் அங்கே படிக்கலாம். கற்கள் போயின. அடியில் கிடந்தவர்கள் போகவில்லை. "கல்லை எடுத்து மரியாதையாக வேறிடத்தில் நட்டுவிடுகிறோம்" என்று மேட்டுக் குடும்பங்களிடம் சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லை நகர்த்தினால் அடையாளம்தான் நகரும்.

இப்போது மேட்டுத் தரையின் மண். மேலே பார்த்தால் நல்ல சமதளம், யாருக்கும் ஆசை வரும். ஆறடி நீளம், இரண்டரையடி அகலம், நான்கைந்தடி ஆழம் ஒரு குழி தோண்டி மூடினால் அந்த மண் சுற்றியுள்ள மண்ணின் இறுக்கத்துக்கு நூறு ஆண்டானாலும் திரும்பாது. துணி சுற்றி அடக்கம் செய்த குழி சில ஆண்டில் அமுங்கி அடங்கிவிடும். பெட்டி வைத்த குழியில் பெட்டி மக்கும்வரை வெற்றிடம் நிற்கும், பிறகு ஒரு நாள் உள்வாங்கும். இரண்டு வகையும் கலந்து கிடக்கும் தரையில் 85 டன் வட்டத் தூணை வைத்தால் ஒரு பக்கம் கெட்டி மண்ணிலும் மறுபக்கம் பழைய குழியிலும் உட்காரும். கீழே சாய்ந்த காரணத்தால் மேலே கொண்டுபோய், மேலேயும் சாய வைத்த கதையாகும். எலும்புகளை எல்லாம் எடுத்து மறு அடக்கம் செய்தாலும் குழிகள் போகாது. இன்னும் நான்கைந்தடி தோண்டி முழுத் தரையையும் மாற்றி அமுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அது கல்லறையும் இல்லை, மேடும் இல்லை.

கல்லறைகள் எத்தனை என்பதிலும் தகராறு. ஒருவர் பதினொன்று என்கிறார், ஒருவர் நாற்பதுக்கு மேல் என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நிற்கும் கல்லை எண்ணுகிறார், ஒருவர் நினைவில் இருப்பவர்களை எண்ணுகிறார். எண்ணும் முறை ஒன்று இருக்கிறது.

முதலில் பெரியவர்களோடு நடங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் வயதான அம்மாக்களை அழையுங்கள், இதில் அவர்கள் நினைவு ஆண்களின் நினைவைவிட நம்பகமானது. அவர்கள் காட்டும் இடத்தில் சுண்ணாம்பு பூசிய கல் வையுங்கள், ஆணி அடிக்க வேண்டாம். தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல் இரண்டும் செதுக்காத மலைக்கல்லாக இருக்கும். காப்பிச் செடி வைத்தவர்கள் பல கற்களைப் பிடுங்கி வரப்பில் போட்டிருப்பார்கள், ஆகவே கல் இல்லாத இடத்தில் கல்லறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். செவ்வரளி, எலுமிச்சை தனியாக நிற்கும் இடங்களைக் குறியுங்கள். மழை விட்ட மறுநாள் காலை போனால் செவ்வகமாகத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் தெரியும். நல்ல வெயிலில் போனால் அதே இடங்களில் புல் பக்கத்தைவிடப் பச்சையாக இருக்கும், தளர்ந்த மண்ணில் வேர் ஆழமாகப் போவதால்.

அடுத்து காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும், நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கும் அ-பதிவேடும் பாருங்கள். மயானப் புறம்போக்கு என்று இருந்தால் நல்லது. பெரும்பாலும் இருக்காது, எஸ்டேட் பட்டாவுக்குள் முங்கியிருக்கும். பட்டா யார் பேரில் இருந்தாலும் அடக்கம் செய்த இடம் அடக்கம் செய்த இடம்தான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கின் அடக்கப் பதிவேட்டில் பேரும் தேதியும் கிடைக்கும்.

தரையூடுருவும் ரேடாரைப் பற்றிப் பெரிய நம்பிக்கையோடு பேசுகிறார்கள். ஈரமான சிவப்புக் களிமண்ணில் அது ஒரு மீட்டர்கூட நன்றாகப் பார்க்காது. மாசி, பங்குனியில் மண் காய்ந்த பிறகு, அரை மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக இழுத்தால் ஓரளவு உதவும். அது காட்டாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. அதைவிட நம்பகமானது மேல்மண்ணைக் கையால் 15 சென்டிமீட்டர் மட்டும் சுரண்டிப் பார்ப்பது. குழி வெட்டிய இடத்தில் மேலே இருந்த கறுப்பு மண்ணும் கீழே இருந்த சிவப்பு மண்ணும் கலந்து புள்ளி புள்ளியாக இருக்கும், ஓரம் நேர்கோடாகத் தெரியும். படம் எடுங்கள், அளவு எடுங்கள், அன்றே மூடுங்கள். அதற்குக் கீழே ஒரு விரல்கூடப் போகக்கூடாது. இதைச் செய்வதற்குக் குடும்பங்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இடுகாட்டுக்குள் மனம் புண்படும்படி நுழைவதும் தோண்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதா 301-ஆம் பிரிவில் குற்றம்.

இந்த மலையில் இன்னொன்றும் நேரலாம். ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்வராயன் மலையிலிருந்து புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்தவர். மலையின் சிறு கோயில்களில் மெருகேற்றிய பழைய கற்கோடரிகள் சாமிக் கல்லாக இருக்கின்றன. ஆகவே மேட்டில் சுரண்டும்போது வட்டமாக நட்ட பெருங்கற்களோ, வழவழப்பான கோடரிக் கல்லோ, தடித்த சிவப்புப் பானை ஓடோ வந்தால் கையை எடுத்துவிடுங்கள். வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்ல வேண்டியதுதான். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் இடத்தின் செய்தியே போய்விடும்.

கல்லறைகளின் எல்லை தெரிந்த பிறகு அதன் வெளி ஓரத்திலிருந்து 10 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். அந்தக் கயிற்றுக்குள் வண்டி கிடையாது. 12 டன் தூக்கும் ஹைட்ரா கிரேனின் சொந்த எடையே பத்து டன்னுக்கு மேல். அது பெட்டி வைத்த குழியின்மேல் போனால் குழி உள்வாங்கும், கிரேனும் சாயும்.

இனி பிரித்துக் கட்டும் முறை. நகர்த்துவதுதான் முடிவு என்றால் எங்கள் சிபாரிசு இதுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் பிரிக்கும் வேலையில் கெடுவதுதான் அதிகம்.

தூணில் 36 வரி, அதாவது கல் அடுக்கு. ஒரு வரிக்கு அடியில் 23 கல், உச்சியில் 17 கல். வெளிமுகக் கல் மட்டும் 700-க்கு மேல் வரும். ஒவ்வொரு வரிக்கும் கீழிருந்து மேலாக எண், ஒவ்வொரு கல்லுக்கும் கிழக்கு முகத்தில் ஒரு செங்குத்துக் கோடு வைத்து அதிலிருந்து வலமாக எண். 14-7 என்றால் பதினாலாவது வரி, ஏழாவது கல். எண்ணைக் கல்லின் முகத்தில் பெயின்டால் எழுதாதீர்கள், கடைசியில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கல்லைக் கெடுப்பார்கள். பிரிப்பதற்கு முன் முகத்தில் சாக்கட்டி. கல் வெளியே வந்ததும் சாந்துக்குள் மறையும் மேல்முகத்தில் அழியாத மையில். கூடவே அலுமினியத் தகடு ஒன்றைக் கம்பியில் கோத்துக் கட்டலாம். சணல் கயிறு கட்டினால் மழையில் மக்கி, தகடு குவியலாகக் கீழே கிடக்கும், எது எந்தக் கல்லினுடையது என்று யாருக்கும் தெரியாது.

எண் போடுவதற்கு முன் படம். நான்கு பக்கமும் போதாது, எட்டுப் பக்கம். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். வட்டத் தூணில் கல் கல்லாகத் தாளில் விரித்து வரையுங்கள், பனை ஓலையை விரித்த மாதிரி. 1-க்கு 20 அளவு. அந்தத் தாளின் மூன்று நகல்: ஒன்று ஊராட்சியில், ஒன்று மேட்டுக் குடும்பங்களிடம், ஒன்று மேஸ்திரியிடம். மேஸ்திரியிடம் மட்டும் இருந்தால் அவர் வேறு வேலைக்குப் போகும்போது தாளும் போகும்.

சாரம் தூணில் சாயக்கூடாது, தனியாக நிற்க வேண்டும். மேலிருந்து ஒரு வரி ஒரு வரியாக. கடப்பாரையால் நெம்பினால் கல்லின் ஓரம் பெயரும். சாந்து இடுக்கில் மெல்லிய உளியை விட்டு, மர ஆப்பு இறக்கி, கல் அசைந்த பிறகு செயின் பிளாக்கில் இறக்குங்கள். 60 சென்டிமீட்டர் நீளக் கட்டுக்கல் ஒன்று 150 கிலோ வரும். அது வெளிச்சுவரையும் உள்சுவரையும் கோக்கும் கல். எடுத்தவுடன் அந்த வரியின் உள்சுவர் தளர்ந்துவிடும், ஆகவே ஆள் உள்ளே நின்று வேலை செய்யக்கூடாது. வரிக்கு மூன்று நான்கு கட்டுக்கல் இருக்கும். அவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள். திரும்பக் கட்டும்போது ஆள் பற்றாக்குறையில் அதை இரண்டாக வெட்டி வைப்பார்கள், வெளியே ஒன்றும் தெரியாது, பத்து ஆண்டில் சுவர் இரண்டு தோலாகப் பிரிந்து வயிறு தள்ளும்.

நடு நிரப்பை எண்ணிட முடியாது. அது மொத்தக் கட்டில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும். அதில் சல்லியைச் சலித்து எடுங்கள், பழைய சுண்ணாம்பில் ஒரு கூடையைத் தனியாகக் காயவைத்து வையுங்கள். புதுச் சாந்து அதன் நிறத்துக்கும் மணல் பருமனுக்கும் ஒத்து வர வேண்டும்.

புதுச் சாந்து சுமார் 10 கன மீட்டர் தேவைப்படும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் என்றால் மணல் மூன்றரை யூனிட், நீற்றிய சுண்ணாம்பு 3 கன மீட்டருக்கு மேல். சுண்ணாம்பைக் குழியில் நீற்றித் தண்ணீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். கடையில் மூட்டையில் வரும் தூளைக் குழைத்து அன்றே பூசினால் நீறாத கட்டிகள் சுவருக்குள் நீறி, வெடித்துச் சாந்தைத் தள்ளும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைச் சேர்ப்பது வழக்கம். சேர்ப்பவர்கள் அளவோடு சேர்க்கட்டும், அதிகமானால் எறும்பும் பூஞ்சையும்தான் மிச்சம். சிமென்ட் ஒரு பிடிகூட வேண்டாம். சிமென்ட் இறுகினால் சுண்ணாம்பைவிட விறைப்பாக நிற்கும், ஈரத்தை வெளியே விடாது. கல்லின் ஓரம்தான் உதிரும்.

ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் கட்டக்கூடாது. சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். மூடுபனியில் அது மெதுவாக நடக்கும். தை பிறந்ததும் தொடங்கி சித்திரை மழைக்கு முன் முடித்தால் நல்லது. 36 வரி, 18 நாள் என்று கணக்குப் போடாதீர்கள், கல் தேடுவதற்கும் மட்டம் பார்ப்பதற்கும் சேர்த்து இரண்டு மாதம். ஈரக் கோணி போர்த்துங்கள், குடத்தால் ஊற்றாதீர்கள்.

புதிதாக அதே மாதிரி கட்டித் தருகிறோம் என்பதைப் பற்றி ஒரு வரி போதும். கான்கிரீட் குழாயின்மேல் அரை அங்குலக் கல் ஓடு ஒட்டினால் அது பேருந்து நிலைய நுழைவாயில் மாதிரி இருக்கும்.

எங்கே கட்டுவது? பழைய காப்பிக் களம் 90 மீட்டர் கீழே, சாலையோடு ஒட்டி, மட்டமாக இருக்கிறது. பல தலைமுறை காப்பி உலர்த்தி மிதித்து இறுகிய தரை. கல்லறை எதுவும் இல்லை என்று மேட்டுக் குடும்பங்களே சொல்கின்றன. 4.2 மீட்டர் விட்டத்தில், 60 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு தளம் போட்டால் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 105 டன், சதுர மீட்டருக்கு 7.6 டன்தான் வரும். இன்றைய அடியில் அது 19 டன் அளவில் இருக்கிறது. ஆனாலும் தட்டு வைத்து எடை ஏற்றிச் சோதிக்காமல் தளம் போட வேண்டாம்.

களம் எஸ்டேட் பட்டாவில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் "எடுத்துக்கோங்க" என்பது போதாது. ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் பதிவாகி, உட்பிரிவு எண் விழுந்து, பட்டா மாறிய பிறகுதான் முதல் கல்லைக் கழற்ற வேண்டும். பிரித்த கல் காட்டில் கிடக்க, இடத்துக்கு வழக்கு நடக்க, ஒவ்வொரு கல்லாக யார் வீட்டுப் படிக்கோ போய்ச் சேர்வதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடப்பது.

மேட்டூர் அணை கட்டியபோது பண்ணவாடிப் பக்கம் ஊர்கள் முழுகின. மக்கள் வெளியேறினார்கள், கோயிலும் மாதா கோயிலும் அங்கேயே நின்றன. நீர் வற்றும் ஆண்டுகளில் நந்தியும் இரட்டைக் கோபுரமும் வெளியே தலைகாட்டுவதைப் பார்க்கச் சேலமே போகிறது. அங்கே தேர்ந்தெடுக்க எதுவும் கிடைக்கவில்லை. இங்கே உங்களுக்கு ஒரு மழைக்காலமாவது இருக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் நான்கு தீர்மானம் கேட்கிறோம். வாய்க்காலை ஓடை வரை நீட்டுவது. மேட்டுத் தரையைச் சுற்றிக் கயிறு கட்டி, சம்மதத்தோடு கல்லறை எண்ணிக்கை எடுப்பது. களத்தின் பத்திரத்தைத் தொடங்குவது. தை வரை தூணில் யாரும் கை வைப்பதில்லை என்பது. சாலைப் பிரிவு அதுவரை வளைவின் காலை இன்னும் வெட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

கண்ணாடித் துண்டுகள் பதினாறு வெட்டி வைத்திருக்கிறோம், எட்டு ஒட்ட, எட்டு உடைந்தால் மாற்ற. வெளியே நான்கை எந்த நாளும் ஒட்டலாம். உள்ளே நான்கை ஒட்டத் தூணின் கதவு திறக்க வேண்டும். பூட்டு ஒரு தரப்பினுடையது, அதன்மேல் போட்ட இரண்டாவது பூட்டு மறுதரப்பினுடையது என்று கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் இரண்டு சாவியும் வந்தால் போதும், அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு வட்டாரக் கல்தச்சர்கள், கொத்தனார்கள், ஜாக்கி வேலைக்காரர்கள், நில அளவையாளர்கள் சிலர்